அருளப்பன் பெயரில்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

நீங்கள் இங்கே வந்ததே தப்பு, தெரியுமில்லையா? நாளைக்குக் கோர்ட்டில் நான்தான் முதல் சாட்சி. நீங்கள் மூன்றாம் எதிரி. சாட்சி வீட்டுப் படியை எதிரி மிதித்தால் ஜாமீனே போய்விடும். உங்கள் வக்கீல் சொல்லவில்லையா? அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டீர்களா? சரி. வந்தவரை வாசலில் நிறுத்திப் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. சிவகாமி, ரெண்டு காபி. ஆபீஸ்காரர்தான்.

பெயர் என்ன சொன்னீர்கள்? சுயம்பு. ஆமாம், குற்றப்பத்திரிகையில் பார்த்தேன். பெயர் மறந்தாலும் முகம் மறக்கவில்லை. என் சட்டைக் காலரை முதலில் பிடித்தது நீங்கள்தானே? பித்தான் தெறித்துவிட்டது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் பிணம் எடுத்துவிட்டு வந்தவர்கள், கை கொஞ்சம் முன்னே பின்னே போகத்தான் செய்யும்.

நீங்கள் கேட்பது புரிகிறது. நாளைக்குக் கேட்பார்கள், அருளப்பனை அடித்தவர்கள் இங்கே இருக்கிறார்களா, காட்டுங்கள் என்று. மற்றவர்களைக் காட்டிவிட்டு உங்களிடம் வரும்போது நான் தாண்டிப் போக வேண்டும். அவ்வளவுதானே? செய்ய முடியாத காரியம் இல்லை. கூட்டத்தில் ஒரு முகம் சரியாகத் தெரியவில்லை என்றால் யார் என்ன செய்ய முடியும்? ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். யாரும் என்னிடம் கேட்காத விஷயம். போலீஸ்காரர்கள் வந்து யார் அடித்தது என்று கேட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்து எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டார்கள். அந்த மாடல் யாருடையது என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

என்னுடையது.

மாடல் என்றால் பொம்மை இல்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு ஆறு. உங்கள் கொம்பையாறுதான். அணையிலிருந்து கடல் வரைக்கும் எந்த இடத்தில் எவ்வளவு அகலம், எந்த இடத்தில் கரை எவ்வளவு உயரம், எல்லாம் வரி வரியாக எழுதியிருக்கும். மேலே இவ்வளவு மழை என்று கொடுத்தால், கீழே எந்த ஊருக்குள் எப்போது தண்ணீர் நுழையும் என்று சொல்லும். அது சொல்வதைத்தான் எங்கள் வெள்ள எச்சரிக்கை மையத்திலிருந்து கலெக்டர் ஆபீசுக்கு அனுப்புவோம். அவர்கள் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு உங்கள் ஊருக்கு வருவார்கள். அல்லது வர மாட்டார்கள்.

அந்த வரிகளுக்கு இங்கிலீஷில் கோடு என்று பெயர். அடிப்படைக் கோடு நாங்கள் எழுதியது இல்லை, வெளிநாட்டில் ஒரு யுனிவர்சிடி எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறது. அதை இந்த மாவட்டத்தில் முதன்முதலில் இறக்கியவன் நான். அப்போது டெலிபோன் லைனில்தான் இண்டர்நெட். பாதி இறங்கும்போது எவனாவது போன் செய்வான், அறுந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை அறுந்த கோபத்தில் போனைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அந்த வடு இப்போதும் இருக்கிறது, வெள்ளையடித்தும் போகவில்லை. இறக்கிய பிறகு அது ஓடவே ஓடாது. அவர்கள் ஊர் ஆறு வேறு, நம் ஊர் ஆறு வேறு. நம் ஆற்றில் பாதி நாள் மணல்தான் ஓடும். ஒவ்வொரு வரியாக மாற்றி, ஓட்டி, உடைந்து, மறுபடி மாற்றி, அதை நம் ஆறாக்கியவன் நான். என் பிள்ளைகளை நான் அப்படிப் பார்த்ததில்லை என்று சிவகாமி சொல்லுவாள். உண்மைதான்.

காபி எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போதுமா?

இதில் அப்டேட் என்று ஒன்று உண்டு. கோடு முழுக்க ஆபீஸ் சர்வரில் இருக்கும். ஆளுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்வோம். ஒருவன் திருத்தியதைச் சர்வரில் ஏற்றினால், மற்றவன் அப்டேட் கொடுத்ததும் அந்தத் திருத்தம் மட்டும் அவன் பிரதிக்கு வந்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே வரியை அவனும் மாற்றியிருக்கிறான், நானும் மாற்றியிருக்கிறேன் என்று வையுங்கள். அப்போது நின்றுவிடும். மேலே என்னுடைய வரி, கீழே அவனுடைய வரி, ரெண்டையும் காட்டிக் கேட்கும்: உன்னுடையதா, அவனுடையதா? ரெண்டையும் படித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது புத்தகத்தில் எழுதியிருப்பது.

நான் 'என்னுடையது' என்று அமுக்குவேன். எப்போதும் அப்படித்தான். வேறு எதை அமுக்குவது? நேற்று வந்தவன் வரியையா?

நேற்று வந்தவன் என்றால் அருளப்பன். வேலை தெரியாதவன் என்று சொல்ல மாட்டேன். அவன் ஆற்றங்கரையில் சுற்றுகிறவன். மட்டம் பிடிக்கிற அளவுகோல், ஸ்டாஃப் என்போம், உயரமாக, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருக்குமே, அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். போகட்டும். ஆனால் புது சர்வர் வந்தபோது, அதில் ஏற்றுகிற அனுமதியை எங்கள் டைரக்டர் மேடம் அவனுக்குக் கொடுத்தார்கள். அவனுக்கு மட்டும். நான் எழுதிக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். மறுபடி கேட்டேன். "கோமதிநாயகம் சார், நீங்க ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்கு?" என்றார்கள். அந்த மேஜைக் கண்ணாடியை அன்றைக்கே என் முஷ்டியால் உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை.

அருளப்பன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய? ஜன்னல் பக்கத்து மெஷின்ல என் லாகின் தெறந்தேதான் கெடக்கும். நீங்க பாட்டுக்கு ஏத்துங்க. என் பேர்ல ஊரே வேல பாக்கட்டும்."

அப்படித்தான் எங்கள் ஆபீசில் வழக்கமாகிவிட்டது. யார் ஏற்றினாலும் சர்வரில் அருளப்பன் பெயர்தான் விழும். என் மூளை, என் வேலை, பெயர் அவனுடையது. யோசித்துப் பாருங்கள். உங்கள் வயலில் நீங்கள் உழுகிறீர்கள், பட்டா பக்கத்து வீட்டுக்காரன் பெயரில். எத்தனையோ தடவை மேடத்திடம் கத்தியிருக்கிறேன், இதில் அருளப்பன் என்று இருக்கிற இடமெல்லாம் நான்தான் என்று. காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கேண்டீனில் ஒருநாள் அடிதடியே வந்துவிட்டது. அவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறான்: "நம்ம அண்ணாச்சிக்கு அப்டேட்னா என்ன தெரியுமா? கண்ண மூடிக்கிட்டு 'என்னுது'ன்னு ஒரே அமுக்கு. எதுத்தாப்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்கமாட்டாரு. பொண்டாட்டி தாலியா இருந்தாலும் என்னுதுதான்." சிரிக்கிறார்கள். இட்லித் தட்டை வைத்துக்கொண்டு அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். என் கையில் டீ இருந்தது. கொதிக்கிற டீ. முகத்தில் ஊற்றினேன்.

கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்தான். என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தூக்கினான். என் கால் தரையில் இல்லை. கன்னமெல்லாம் சிவந்து பொங்கிக்கொண்டு வருகிறது அவனுக்கு. ஒரு குத்து விட்டிருந்தால் என் மூக்கு இருந்திருக்காது. விடவில்லை. இறக்கி நிறுத்தினான். "வயசாச்சேன்னு விடுதேன் அண்ணாச்சி" என்றான். அதுதான் எனக்கு ஆறவில்லை. அடித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. அவன்தான் வந்து பேசினான், மழைக்கு முன்னால். கன்னத்துத் தோல் உரிந்து புதுத் தோல் வந்திருந்தது. "அண்ணாச்சி, கோவம் இருந்தா இருக்கட்டும், இத மட்டும் கேளுங்க. ஆலங்கரைல தெக்குக் கரைய மணல் லாரிக்காரன் பாதை போட்டு வெட்டிட்டான். நான் மட்டம் பிடிச்சிட்டு வந்திருக்கேன். கரையே இல்ல அங்க. உயரத்தக் கொறச்சு ஏத்திட்டேன். நீங்க அப்டேட் பண்ணும்போது அந்த வரி முட்டும். அத மட்டும் பாத்துப் பண்ணுங்க" என்றான்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரி என்னுடையது, தெரியுமா? உங்கள் ஆலங்கரை வரி. அதில் நான்தான் பழைய உயரத்தைப் போட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன். ஏன்? முன்னால் ஒரு வருஷம் ஆலங்கரைக்குத் தண்ணீர் வரும் என்று மாடல் சொன்னது. நாங்களும் அனுப்பினோம். ஊரையே காலி செய்து பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நீங்களும் போயிருப்பீர்கள். ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. கலெக்டர் என்னை நிற்கவைத்துக் கேட்டார், கிளி ஜோசியம் பார்க்கிறாயா என்று. நிற்கவைத்து. அந்த வாரமே ஆலங்கரைக் கரையை உயர்த்திவிட்டேன். கம்ப்யூட்டரில்தான். அதற்குப் பிறகு என்ன மழை பெய்தாலும் உங்கள் ஊருக்குள் தண்ணீர் வராது. அனுபவம் என்பது இதுதான்.

மழை தொடங்கும் முன்னால் அப்டேட் கொடுத்தேன். வெளிநாட்டுக்காரர்கள் நிறையத் திருத்தியிருந்தார்கள், அதெல்லாம் சரசரவென்று இறங்கியது. ஒரு இடத்தில் நின்றது. உன்னுடையதா, அவனுடையதா? என்னுடையது. அமுக்கினேன். ஜன்னல் மெஷினிலிருந்து சர்வரில் ஏற்றினேன். ஏற்றிவிட்டு நிம்மதியாக ஒரு வெற்றிலை போட்டேன்.

அப்புறம் மழை. அது உங்களுக்குத் தெரியும். அணையைத் திறந்தார்கள். நாங்கள் மாடலை ஓட்டினோம். பட்டியலில் மற்ற ஊர்கள் எல்லாம் வந்தன, ஆலங்கரை வரவில்லை. ஜீப் உங்கள் ஊரைத் தாண்டிப் போயிருக்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள். காலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில் தண்ணீர் வந்ததாமே? லாரிப் பாதை வழியாகத்தான். ஆள் நடந்து வருகிற மாதிரி வராமல் சுவர் மாதிரி வந்தது என்று டிவியில் ஒரு அம்மா சொன்னாள். தெருவில் கட்டியிருந்த மாடெல்லாம் கயிற்றோடு செத்துக் கிடந்தன, மூக்கணாங்கயிறு மூக்கை அறுத்துக்கொண்டு. ஒரு வீட்டில் பீரோ மிதந்துவந்து கதவை அடைத்துவிட்டது, உள்ளே இருந்தவர்கள் கூரை ஓடுகளை உள்ளிருந்து கையால் குத்திக் குத்தி... உங்கள் அண்ணன் வீடா அது? எனக்குத் தெரியாது. உங்கள் அண்ணியை முள்வேலியிலிருந்து எடுத்ததாகப் பேப்பரில் போட்டிருந்தது. பிள்ளை கையில் இருந்ததா, தனியாகக் கிடைத்ததா? சொல்ல வேண்டாம். வேண்டாம். காபி ஆறுகிறது.

மூன்றாம் நாள் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். டிராக்டரில். கேட்டை டிராக்டராலேயே இடித்தீர்கள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வாட்ச்மேன் மண்டையில் கல். மேடம் பின்பக்கமாகக் காரில் போய்விட்டார்கள். பெண்களும் வந்திருந்தார்கள், எல்லார் உடம்பிலும் சேறு காய்ந்திருந்தது. "எவம்ல ஆத்துக் கணக்குப் பாக்கவன்?" என்று ஒருவர் கத்துகிறார். மழைமானியைப் பிடுங்கி அதாலேயே கண்ணாடியை உடைக்கிறார்கள். நான் ஜன்னல் பக்கம் நிற்கிறேன். நீங்கள் நேராக வந்து என் காலரைப் பிடித்தீர்கள். "நீயால?" என்றீர்கள். கையில் இரும்புக் கம்பி.

நான் என்ன பொய்யா சொன்னேன்? திரையில் என்ன இருந்ததோ அதைக் காட்டினேன். சர்வரில் ஒவ்வொரு வரிக்கும் நேராகக் தொட்டவர்கள் பெயர் வரிசையாக இருக்கும். ஆலங்கரை வரியைத் திறந்தேன். உங்களோடு ஒரு காலேஜ் பெண் வந்திருந்தாளே, அவள்தான் குனிந்து வாசித்தாள். அருளப்பன். முதலில் கரையைக் குறைத்தது அருளப்பன். பிறகு கூட்டியதும் அருளப்பன். "கொறச்சிட்டு மறுபடி கூட்டியிருக்கான் பாவி" என்று அவள்தான் சொன்னாள். நான் சொல்லவில்லை. என் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவே இல்லை.

அவனை யாரும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு அவனே வந்தான். அதுவரை உங்கள் ஊரில்தான் இருந்தானாம், படகில் ஆள் எடுத்துக்கொண்டு. உடுத்த துணி மாற்றாமல் வந்திருந்தான். "என்னய்யா, என்ன வேணும்?" என்று கேட்டான். "நீதான் அருளப்பனா?" என்றீர்கள். "ஆமா" என்றான்.

அவனுடைய மட்டம் பிடிக்கிற ஸ்டாஃபாலேயே அடித்தார்கள். அது வளைந்துவிட்டது. பிறகு கம்பி. விழுந்த பிறகு மானிட்டரைத் தூக்கி முகத்தில் போட்டது தாடிவைத்த ஒருவர், அவர் ரெண்டாம் எதிரி என்று நினைக்கிறேன். இடது கண் அதில்தான் போயிற்று. நீங்கள் அவன் வலது கையைப் பிடித்து இழுத்து ஸ்டீல் பீரோ கதவு இடுக்கில் வைத்தீர்கள். "இந்தக் கையாலதானல எழுதுன?" என்று கேட்டுவிட்டுக் கதவை உதைத்தீர்கள். திறந்து மறுபடி உதைத்தீர்கள். பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம். நான் நேரில் பார்த்தவன், மிகைப்படுத்த மாட்டேன்.

அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், நல்ல கண்ணால். "அண்ணாச்சி, சொல்லுங்க அண்ணாச்சி. அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க" என்று கத்தினான். அந்த இரைச்சலில் நான் என்ன சொல்வது? சொன்னால்தான் யாருக்குக் கேட்கும்? நான் மேஜைக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன். சர்வர் மேல் யாரும் கைவைத்துவிடக் கூடாதே என்று அதற்கு முன்னால் நின்றேன். அதனால்தான் மாடல் இன்றைக்கு இருக்கிறது.

என்ன கேட்டீர்கள்? சத்தமாகக் கேளுங்கள்.

அன்றைக்கு ஜன்னல் மெஷினில் உட்கார்ந்து கரையைக் கூட்டி ஏற்றியது யார் என்றா? நான்தான். இவ்வளவு நேரம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த வரியில் அருளப்பனுக்கு ஒரு பங்கும் கிடையாது. அது முழுக்க என் வேலை. ஆனால் பெயர் அவனுடையது. பெயர் வேண்டும் என்று வாங்கிக்கொண்டவன் அவன். பெயரோடு வருகிறதையும் அவன்தான் வாங்க வேண்டும்.

அதனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அடுத்த வாரம் எங்கள் ஆபீசில் விசாரணைக் கமிட்டி உட்காருகிறது. அருளப்பனை சஸ்பெண்ட் செய்துவைத்திருக்கிறார்கள். 'நான் ஏற்றவில்லை, என் லாகினில் வேறு ஆள் ஏற்றியது' என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் கொடுத்திருக்கிறான். என் பெயரைக்கூட எழுதவில்லை, 'மூத்தவர் ஒருவர்' என்று எழுதியிருக்கிறான். ஆலங்கரையிலிருந்து ஒரு ஆள் வந்து, திரையில் அருளப்பன் பெயர் இருந்ததை எங்கள் கண்ணால் பார்த்தோம், அவனும் அப்போது மறுக்கவில்லை என்று சொன்னால் கமிட்டி அதோடு முடித்துக்கொள்ளும். அவனுக்கு வேலை போகும், கேஸும் அவன் மேல் திரும்பும். நீங்கள் வந்து சொல்லுங்கள். நான் நாளைக்கு உங்களைத் தாண்டிப் போய்விடுகிறேன். உங்களுக்கும் நல்லது, எனக்கும்...

அடித்துவிட்டீர்கள்.

ஒன்றுமில்லை சிவகாமி, டம்ளர் விழுந்தது. நீ உள்ளேயே இரு.

பல்லில் பட்டுவிட்டது. ரத்தம் வருகிறது பாருங்கள். பரவாயில்லை. உட்காருங்கள். உட்கார மாட்டீர்களா? சரி, நில்லுங்கள். அழ வேண்டாம். ஆம்பிளை அழுதால் எனக்குப் பார்க்க முடியாது. அண்ணியை நினைத்துவிட்டீர்கள் போல. நான்தான் பேப்பர் செய்தியை எடுத்திருக்கக் கூடாது.

என்ன?

தாண்டிப் போக வேண்டாமா? காட்ட வேண்டுமா? உங்களையா? இதைக் கேட்கத்தானா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? வரும்போது என் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டது வேறு மாதிரி. காட்டினால் ஜெயில், தெரியுமில்லையா? சும்மா இல்லை, கண் போயிருக்கிறது, கை போயிருக்கிறது. வருஷக் கணக்கில் உள்ளே இருப்பீர்கள். அண்ணன் பிள்ளை ஒன்று மிஞ்சியிருக்கிறதாமே, அதை யார் பார்ப்பார்கள்?

ஜட்ஜ் எதிரிகளிடமும் கேட்பாரா என்றா? கேட்பார். சாட்சியெல்லாம் முடிந்ததும் ஒவ்வொருவரையும் கூண்டில் நிற்கவைத்து, நீ ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்பார். காதால் கேட்டதையும் சொல்லலாமா என்றா? எது சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். ஏன், சொல்ல வேண்டியிருக்கிறதா? சொல்லுங்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அருளப்பனும் அங்கே உட்கார்ந்திருப்பான், அவன் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்டால் தண்டனை குறையும் என்பார்கள்.

சரி, கிளம்புங்கள். நாளைக்கு முதல் ஆளாக உங்களைத்தான் காட்டுவேன், கவலைப்பட வேண்டாம். எனக்குத் தூரப் பார்வை சரியில்லை. முன்னாலேயே வந்து நில்லுங்கள்.